கொம்பனுக்கு ஒண்ணுமில்ல

குளத்தங்கரை எருமைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை உண்ணிக்கொக்கு வரும். எல்லாம் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டும், அது உண்ணி பார்க்கும். கொம்பன் என்கிற வயசான கடா மட்டும் சேற்றைவிட்டு எழுந்திருக்காது.

"எனக்கு ஒண்ணுமில்ல, அவளப் பாரு" என்று பெண்டாட்டி மயிலியைக் கொம்பால் காட்டிவிட்டு அசைபோடும்.

இந்த அமாவாசைக்கு மயிலியும் எழுந்திருக்கவில்லை. புருஷன் பக்கத்திலேயே சேற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டது.

"உங்களுக்கு ஒண்ணுமில்லன்னா எனக்கும் ஒண்ணுமில்ல."

கொம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, விளையாடாதே! உண்ணி வலிக்காமலே ரத்தத்தை உறிஞ்சிடும்டி. எழுந்து போய்க் காட்டு!"

மயிலி கொம்பனின் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் கொம்பனுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. முனகிக்கொண்டே எழுந்து போய்த் தலையைச் சாய்த்தது.

கொக்கு இடது காதுக்குள் எட்டிப் பார்த்தது. மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதிப்போயிருந்த உண்ணி ஒன்றை வெடுக்கென்று பிடுங்கி விழுங்கியது.

"பாத்தாச்சா? நான்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு!" என்றது கொம்பன், வீறாப்பு குறையாமல்.

கொக்கு அலகைப் புல்லில் துடைத்துக்கொண்டது.

"ஆமாண்ணே. இப்பத்தான் ஒண்ணுமில்ல."