பதினெட்டாம் மாடிப் படம்

கடலோரக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடி விளிம்பில் வல்லூறு கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். கைபேசிப் படத்தைப் பார்த்த பறவை நோக்கர் சங்கத் தலைவர் எதிரே நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா சார். அங்க புறா வராம இருக்க நாளைக்கு வலை அடிக்கப் போறாங்களாம். நீங்கதான் தடுக்கணும்."

"காது குத்தாதீங்கம்மா. மூணு வருஷமா டெலஸ்கோப்பும் கையுமா அலையறோம், கூடு கண்ணுலயே படல. அந்தப் பக்கம் வெறும் சுவர். ஜன்னல்கூடக் கிடையாது."

"தினமும் அந்த வழியாத்தான் சார் வேலைக்குப் போறேன்."

"வெறும் சுவத்துல ஏதும்மா வழி?"

"காலைல ஒன்பது மணிக்கு வந்து பாருங்க."

மறுநாள் கட்டட மேலாளரையும் இழுத்துக்கொண்டு வந்தார் தலைவர். இருவரும் அண்ணாந்தார்கள்.

மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள் அவள். இடுப்பில் பெல்ட், பக்கத்தில் வாளி, கையில் சுவர் தேய்க்கும் பிரஷ்.

பதினெட்டாம் மாடியில் நின்று வீடியோ கால் போட்டாள். மேலாளரின் கைபேசியில் மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்தன.

மேலாளர் வலையோடு நின்ற ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்: "வலையைச் சுருட்டுங்கப்பா!"

தலைவர் கைபேசியைப் பறித்தார். "அம்மா, இன்னிக்கே எங்க சங்கத்துல சேர்ந்துடுங்க!"

"சேர்ந்துடலாம் சார். இன்னும் பதினேழு மாடி பாக்கி இருக்கு, கழுவிட்டு வந்துடறேன்!"