குழம்பைத் திட்டியவர்

"இது குழம்பா, இல்லே பாத்திரம் கழுவின தண்ணியா?"

டாக்ஸி டிரைவர் உகாய் போட்ட சத்தத்தில் கவுண்டரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க, உகாய் சான்." மேனேஜர் நெமோதோ குனிந்து வணங்கினார்.

"நேத்தும் இதையேதான் சொன்னே. கறியா இது? பழைய செருப்பை ஊறவெச்சு நறுக்கிப் போட்டியா?"

திட்டிக்கொண்டே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். காசை வைத்துவிட்டுப் போனார்.

"இந்த ஆளை உள்ளே விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றேன்!" பரிமாறும் கிகுயே பொரிந்து தள்ளினாள். "மத்தவங்க எல்லாம் அருமையா இருந்துச்சுன்னு சொல்லிட்டுத்தானே போறாங்க?"

"சொல்லிட்டுப் போறாங்க. திரும்பி வர்றதில்லையே, கிகுயே சான். இப்ப உட்கார்ந்திருக்கிறதுல ஒரு பழைய முகம் காட்டுங்க பார்ப்போம்."

கிகுயே காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

'ஹொனாமி', ஒசாகா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக ஆரம்பித்த சின்னக் கடை. சுடுசோறு, அதன்மேல் வெங்காயத்தோடு தித்திப்பும் உப்புமாக வெந்த மாட்டிறைச்சி. உட்கார்ந்து கையைத் துடைப்பதற்குள் கிண்ணம் முன்னால் வந்துவிடும். சனங்களுக்குப் பிடித்துப்போனது. ஊருக்கு ஊர் கிளை வந்தது.

அப்புறம்தான் தலைமை அலுவலகத்துக்கு அவசரம் பிடித்தது. ஸ்டேஷன் இருக்கிற இடமெல்லாம் 'ஹொனாமி' பலகை. அத்தனை கடைக்கும் நல்ல கறிக்கு எங்கே போவது? உலர்ந்த கறியும் குழம்புப் பொடியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

நெமோதோ பார்த்துக்கொண்ட இந்த ஒகயாமா கிளையில் அந்தப் பொடியைக் கரைக்கும்போதெல்லாம் அவருக்கே கை கூசும். ஆனால் உத்தரவு உத்தரவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் கம்பெனி திவாலானது. கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோர்ட்டு நியமித்த புது நிர்வாகி மிசோகுச்சி, ஒருநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ஒகயாமா கடைக்கு வந்து, பெயர் அட்டையை நீட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அதே நேரம் பார்த்து வாசலில் உகாயின் டாக்ஸி வந்து நின்றது.

கிகுயே வாசலுக்கு ஓடினாள்.

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பெரிய அதிகாரி வந்திருக்கார். எங்க பொழைப்பே அவர் கையிலே இருக்கு. இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்காதீங்க!"

"சாப்பிட வாயைத் திறக்கணுமேம்மா" என்றபடி உகாய் உள்ளே வந்து, சரியாக மிசோகுச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு வாய்தான் வைத்திருப்பார்.

"கோழிகூட இதைக் கொத்தாது!"

மிசோகுச்சி நிமிர்ந்தார். "எதைச் சொல்றீங்க?"

"எதைன்னு தனியா வேற சொல்லணுமா? கறி சக்கை. குழம்பு உப்புத்தண்ணி. மேலே உட்கார்ந்துக்கிட்டு இந்தப் பொடியை அனுப்பறானே ஒரு மகராசன், அவன் ஒரு நாளாவது இதை வாயிலே வெச்சிருப்பானா?"

நெமோதோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மிசோகுச்சி தன் கிண்ணத்திலிருந்து மெதுவாக இன்னொரு வாய் சாப்பிட்டார். மென்றார். "வெச்சிருக்க மாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" கிகுயே ஏப்ரன் துணியால் மூக்கைச் சிந்தினாள். "இனிமே வேற கடையிலே போய்த் திட்டுங்க!"

"வேற கடையா? அங்கெல்லாம் எனக்குத் திட்ட வராதும்மா" என்றார் உகாய்.

செர்ரி பூக்கிற சமயத்தில் உத்தரவு வந்தது. பொடி நிறுத்தம். நல்ல கறி, பழையபடி காய்ச்சின குழம்பு. ஒகயாமா கிளை தொடர்ந்து நடக்கும்.

நெமோதோ அந்த உத்தரவை மூன்று தரம் வாய்விட்டுப் படித்தார். கிகுயே கரண்டியும் கையுமாக அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

புதுக் குழம்பு கொதித்த முதல் நாள் வாசனை தெருக்கோடி வரை போனது. பழைய முகங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வரிசை பக்கத்துப் பூக்கடையைத் தாண்டியது. மிசோகுச்சியும் வந்து கவுண்டரின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உகாய் வந்தார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தது.

சாப்பிட்டார். கிண்ணத்தை வாயில் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்சி கம்மி."

"இஞ்சி டப்பா உங்க மூக்குக்கு நேரா இருக்கு! நீங்கதான் போட்டுக்கணும்!" என்று கிகுயே கத்த, கடை முழுக்கச் சிரிப்பு. உகாயும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

"இந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வராது!" என்றாள் கிகுயே.

மிசோகுச்சி நெமோதோவை அருகே கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பொடி வந்த பிறகு எல்லாக் கிளையிலும் கூட்டம் பாதியாச்சு. உங்க கடையிலே மட்டும் குறையவே இல்லை. அதனாலதான் இதை மூட மனசு வரலே. அப்படி என்ன மந்திரம் போட்டீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாது, ஐயா. யார் யாரோ வெளியூர்க்காரங்க வந்தாங்க."

பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவர் குறுக்கே சொன்னார்:

"அதை என்கிட்டே கேளுங்க. ஸ்டேஷன்ல டாக்ஸி ஏறினா, இப்ப இஞ்சி கேட்டுட்டுப் போனாரே, அந்த டிரைவர் நேரா இங்கே கொண்டுவந்து நிறுத்திடுவார். காத்திருக்கிற நேரத்துக்குக் காசு ஏறாம மீட்டரையும் அணைச்சுடுவார். 'குழம்பு நல்லா இருக்காதுதான், அதை நான் திட்டிச் சரி பண்ணிக்கறேன். அதுக்குள்ளே கடையை மூடிடாம இருக்கணுமே, நீங்க போய் ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு வாங்க'ன்னு கெஞ்சுவார்!"