விரால் ஜெயித்தது

அரசு மானியத்தில் ஊர்க் கண்மாயில் என்ன மீன்குஞ்சு விடலாம் என்று, புதிதாக வந்த மீன்வள அதிகாரி ஊராரைப் பந்தலில் கூட்டிக் கேட்டார்.

“கெண்டை விடுங்க. சீக்கிரம் வளரும்” என்றார் கோட்டைச்சாமி.

“முள்ளெடுக்க நீங்களா வருவீக? விரால்தான் விடணும்” என்று எழுந்தாள் நாகஜோதி. இதற்காகவே பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள்.

“விரால் மத்த மீனையெல்லாம் முழுங்கிரும்.”

“அதுக்கு முன்னாடி நாங்க விரால முழுங்கிருவோம்.”

பந்தல் இரண்டுபட்டது. கடைசியில் கை தூக்கச் சொன்னதில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் விரால் ஜெயித்தது. நாகஜோதிக்கு அப்போதே குழம்பு வாசம் வந்துவிட்டது.

“சரிம்மா, கண்மாயை ஒரு எட்டு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். எவ்வளவு தூரம்?” என்றார் அதிகாரி.

நாகஜோதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“கண்மாய்க்கு நடுவுலதான் சார் உக்காந்திருக்கீக. மழை பெய்ஞ்சா மட்டும் கரையேறிருங்க.”