வெட்டுப்பட்ட பதிவேடு

பதிவேடுகளைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி மறைமாவட்டச் சுற்றறிக்கை வந்த பிறகு, பங்குக் கோயிலின் பழைய ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார் புளோரா டீச்சர். பழைய உபதேசியார் சவரிமுத்து பக்கத்தில் நின்றார். இறந்தோர் பதிவேடு தையல் விட்டுத் தாள் தாளாகக் கிடந்தது. பக்க எண்ணும் இல்லை. ஆனால் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் அரிவாள் வெட்டு. மேல்தாளில் ஒரு சாண். கீழே போகப் போகக் குறைந்தது. அதை வைத்தே வரிசைப்படுத்தி எண் போட்டார். எண்பத்து நான்காம் தாள்தான் கடைசி. அதிலும் விரல் நீளத்துக்கு வெட்டு, ஓரமெல்லாம் கறை காய்ந்து கறுத்து.

"வெட்டு இதோட முடியலையே, உபதேசியாரே?"

"எங்க சனத்தையும் கல்லறைத் தோட்டத்துல பொதைச்சதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி. இனி எங்கள அங்க விடக்கூடாதுன்னு இதக் கொளுத்த வந்தானுவ. நெஞ்சோட அணைச்சிக்கிட்டேன். வெட்டுனவன் அப்பன் பேரும் இதுலதான கெடக்கு."

சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"அடுத்த நம்பர இங்க போடுங்க, டீச்சர்."