பதிவில் இறந்தவர்

"செத்தவாளுக்கெல்லாம் டோக்கன் கெடையாதாம், சீதா!"

செருப்பைக் கழற்றிக்கொண்டே நாகேஸ்வரன் சொன்னார். வயது எண்பது. ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், வெறுங்கையோடு கரமனை வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

மருமகள் சீதாலக்ஷ்மி லேப்டாப்பிலிருந்து தலை நிமிர்ந்தாள். "யாருப்பா சொன்னா?"

"கவுண்டர்லே ஷிஜான்னு ஒரு பொண்ணு. கம்ப்யூட்டரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தா. 'அங்கிளே, ஆளு மரிச்சு போயல்லோ'ங்கறா. மரிச்ச ஆளாக்கும் முன்னாடி நிக்கறது, பிரஷர் பாருன்னேன்."

தன்னைச் சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறார் என்று சீதாவுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

ஃபோன் அடித்தது. குழுவில் கூட இருக்கும் ஸ்நேகா.

"சேச்சி, அஞ்சு மணியோட முடியறது. இன்னும் பத்தே நிமிஷம். ஃபாரம் எங்கே?"

உலகத்து ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் நோயாளியின் விவரங்களை எப்படிப் பதிய வேண்டும், எப்படிப் பகிர வேண்டும் என்று விதி எழுதும் சர்வதேசக் குழு அது. ஆபீஸ் முடிந்த பிறகு, ஆறு வருடங்களாகச் சீதா அதில் சம்பளமில்லாமல் உழைக்கிறாள். இந்த வருடம் அவளையே தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் சம்பளம் கிடையாது. ஆனாலும் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

"யோசிக்கறேன்டி."

"என்ன யோசனை? எல்லாருக்கும் சர்நேம் கெடையாது, ரெண்டு பேரோட ரெக்கார்டு ஒண்ணாக் கலந்துடறதுன்னு அந்த வெள்ளைக்காராகிட்டே தொண்டை கிழியக் கத்தினது நீங்கதானே? இப்போதான் காது குடுக்கறா. தப்புன்னு தெரிஞ்சா ஒரே நாள்லே திருத்தியாகணும்னு விதி வரப்போறது. அதிலே உங்க கையெழுத்து வேண்டாமா?"

"அனுப்பறேன்" என்று வைத்தாள்.

விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசியில் ஓர் உறுதிமொழி மட்டும் பாக்கி. 'எனக்குத் தெரிந்து எந்தத் தவறான பதிவையும் திருத்தாமல் விட்டதில்லை.' எதிரே ஒரு சின்னக் கட்டம்.

நாகேஸ்வரன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ சொன்னா அந்தக் கம்ப்யூட்டர்லே மாத்துவாளோ?"

"ஒரு மெயில் போதும்பா. நாளைக்கே சரியாயிடும்."

"நான் உயிரோட வந்துடுவேன்."

"ஆமாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேண்டாம்டி, கொழந்தே."

"மாத்திரை?"

"பழைய சீட்டைக் காட்டிக் கடையிலே வாங்கிக்கறேன். எனக்குத் தெரியாத மெடிக்கல் ஷாப்பா?"

"அது தப்புப்பா. எனக்கு நன்னாத் தெரிஞ்ச தப்பு."

"எண்பது வயசுக்காரன் செத்துப் போனான்னு எழுதியிருக்கு" என்றார் அவர், திரும்பாமலே. "அதிலே என்ன தப்பு?"

சீதா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் விண்ணப்பத்தை மூடினாள். 'நான் நிற்கவில்லை. மன்னித்துக்கொள்' என்று ஸ்நேகாவுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு ஃபோன் சிணுங்கியது. ஸ்நேகா இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து தானாக வரும் குறுஞ்செய்தி.

'அன்புள்ள வி. நாகேஸ்வரன் (வயது 19), உங்கள் அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.'

வழக்கப்படி தாத்தாவின் பெயரையே, அதே இனிஷியலோடு, சீதா சூட்டி வளர்த்த மகனுக்குக் கொள்ளி வைத்து அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது.