மருமகளின் மூக்கு

“மூக்கில்லாத மருமகளுக்கு மூக்கு பூட்ட வந்த புள்ள நீங்கதானா? வாங்க மகள், வாங்க.”

கதவைத் திறந்ததும் ஆஸியா உம்மா சொன்னது இதுதான். சிரிப்பதா வேண்டாமா என்று துஷ்யந்திக்குத் தெரியவில்லை. மாமியாருக்குப் பின்னால் நின்ற ரிப்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துஷ்யந்திக்குச் சொந்த ஊர் கலஹா. கண்டியில் ஓர் எலக்ட்ரோனிக்ஸ் கடையில் வேலை. கேஸ் கசிந்தால் கத்துகிற சின்னப் பெட்டிகளை வீடு வீடாகப் போய்ப் பூட்டிக் கொடுப்பாள். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து போன வாரம் கடைக்குக் கோல் எடுத்தது ரிப்காதான்.

“காய்ச்சல் ஒண்டு வந்து எனக்கு மணமே தெரியாமப் போயிட்டு. குசினிக்குள்ள போகவே பயமா ஈக்கு” என்றிருந்தாள்.

“காய்ச்சல் எனக்கும்தான் வந்திச்சு” என்றார் ஆஸியா உம்மா, குசினிக்கு வழிகாட்டிக்கொண்டே. “என்ட மூக்கு எங்கயும் ஓடிப்போச்சா? மணம் தெரியா, மணம் தெரியா எண்டு செல்லிச் செல்லியே இவ அடுப்படிய என்ட தலையில கட்டிட்டா. கறி பதமா எண்டு பாக்கவும் மாமி, பால் பொங்குதா எண்டு பாக்கவும் மாமி.”

ரிப்கா சிலிண்டருக்கு முன்னால் கிடந்த வாளியை நகர்த்தி இடம் விட்டாள்.

‘பாவம், இந்த வாய்க்கு எப்படித்தான் ஈடு கொடுக்கிறாளோ’ என்று நினைத்தபடி துஷ்யந்தி கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தினாள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சுவரில் துளை போட்டாள்.

“மேல பூட்டுங்களே மகள், வார போற ஆக்கள் பாக்கட்டும்.”

“சமைக்கிற கேஸ் காத்தை விடப் பாரம் ஆன்ட்டி. கசிஞ்சா கீழதான் தங்கும். மூக்கும் கீழ இருந்தாத்தான் புடிக்கும்.”

“பெட்டிக்கு என்ன மூக்கு?”

“ரோட்டு லைட் பொழுது சாஞ்சா தானா பத்துதில்ல? அதுக்கு வெளிச்சம் பாக்குற கண்ணு இருக்கு. இந்தா, போன்ல நம்ம விரல் பட்டா அதுக்குத் தெரியுது. அது தோலு மாதிரி. இதுக்கு மூக்கு. உள்ள ஒரு மெல்லிசான பூச்சு சூடாவே இருக்கும். அதுல கேஸ் பட்டா கரண்ட் கூடுதலா ஓடும். ஒடனே பெட்டி கத்திரும்.”

“அல்லாஹ்வே! நான் அறுபது வருஷமா சும்மாவே வெச்சீக்கிற சாமானத்துக்கு இவ்வளவு வேலையா!”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

பெட்டி சூடாக ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் ஆஸியா உம்மா தேத்தண்ணி கொடுத்தார். சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொடுக்க வேண்டுமாம். மேசையில் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் குவிந்திருந்தன.

“ஆனா இப்ப வார ஏலக்காய்ல மணமே இல்ல மகள். ரெண்டு மடங்கு போட்டாலும் ஒண்டும் இல்ல. எல்லாம் கலப்படம்.”

துஷ்யந்தி தலையாட்டிவிட்டு எழுந்து ஜன்னல்களைத் திறந்தாள். “இப்ப சோதிச்சுப் பாப்போம். யாரும் நெருப்பு பத்த வைக்காதீங்க.”

அடுப்பைப் பற்றவைக்காமல் திருகியை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டாள். ஆஸியா உம்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஆசையாகக் குனிந்து நின்றார். சில விநாடிகளில் அழுகல் நாற்றம் துஷ்யந்தியின் தொண்டை வரை இறங்கியது. திருகியை மூடிக்கொண்டே தற்செயலாகத் திரும்பினாள்.

வாசலில் ரிப்கா ஷோலால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்து நின்றாள்!

துஷ்யந்தி பார்த்ததைக் கண்டதும் சட்டென்று ஷோலை இறக்கினாள்.

பெட்டி வீடே அதிரக் கத்தியது. “மாஷா அல்லாஹ்! மருமகளுக்கு மூக்கு வந்திட்டு!” என்று ஆஸியா உம்மா கைதட்டினார்.

துஷ்யந்திக்குச் சிரிப்பு வரவில்லை. மணம் நன்றாகவே தெரிகிறது இவளுக்கு. வயதான மனுசியின் தலையில் வேலையைக் கட்ட இப்படியும் ஒரு பொய்யா? சற்று முன் இவளுக்காகப் பாவப்பட்டதை நினைக்க எரிச்சலாக இருந்தது. பேசாமல் சாமான்களைப் பையில் போட்டாள்.

ரிப்கா கேற் வரைக்கும் கூட வந்தாள்.

“ஒங்க மூக்குக்கு ஒண்ணும் இல்ல. ஏன் அவங்கள ஏமாத்துறீங்க?” துஷ்யந்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

ரிப்கா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் ஒரு நாள் அஸர் தொழுதிட்டு வாரன், வாசலுக்கே கேஸ் அடிக்குது. குசினில அடுப்பு தொறந்தீக்கு. மாமி அதுக்குப் பக்கத்துல நிண்டு நெருப்புப் பெட்டி தேடுறாங்க. ஓடிப்போய் மூடினன். ‘ஏன் இப்பிடி ஓடி வார?’ எண்டு என்னட்டயே கேக்குறாங்க.”

துஷ்யந்தி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப மூக்கு போனது…”

“அவங்களுக்கு அது தெரியா. தெரிஞ்சா அண்டைக்கே அகப்பைய கீழ வெச்சிடுவாங்க. மணத்த வெச்சே உப்பு செல்ற மனுசி எண்டுதான் ஊரெல்லாம் பேரு.”

“அதுக்காக நீங்க இவ்வளவு பேச்சு கேக்கணுமா அக்கா? டாக்டர்கிட்டயாவது காட்டக் கூடாதா?”

“புதன்கிழமை கண்டில மூக்கு டாக்டர்ட போறம். அவர்ட்ட எல்லாம் செல்லி வெச்சீக்கிறன்.” ரிப்கா சிரித்தாள். “எனக்குத்தான் காட்டப் போறமாம். மாமி துணைக்கு வாராங்க.”