கோணல்

“பிடுங்குடா எல்லாத்தையும்!”

மேஸ்திரி போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து கூடத்தில் ஒன்பது வரிசை டைல்ஸ் ஒட்டியாகியிருந்தது. ஒட்டியவன் மேஸ்திரியின் மைத்துனன். மனைவியின் தம்பி, பதினெட்டு வருடமாக அவரோடு ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவன். இன்றைக்கு மட்டும் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் வாயைத் திறக்காமல் பெயர்த்தான்.

மேஸ்திரி மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல இடக்கண்ணை இடுக்கிக்கொண்டு, வலக்கண்ணால் வரிசையை முனையிலிருந்து முனைவரை பார்த்தார். நடுவில் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?”

மைத்துனன் நூலை எடுத்தான். இந்தச் சுவரில் ஓர் ஆணி, எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. நூல் விண்ணென்று நின்றது. டைல்ஸ் விளிம்பும் நூலும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே போயின.

“நீங்களே பாத்துக்குங்க மாமா.”

பார்த்தார். நூலும் நெளிந்தது.

இழுத்துக் கட்டிய நூல் எப்படி நெளியும்? அதற்குப் பதில் தெரியாததால்தான் அவருக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. கைக்குக் கிடைத்த சுத்தியைத் தூக்கி எறிந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு டைல் நான்கு துண்டானது.

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத. உன் அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. தரையைப் பார்க்க அரைநாள் லீவு போட்டு வந்தவர் உடைந்த டைலைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கடைசியில் மேஸ்திரியைப் பார்த்தார். “கோடு கோணலாத் தெரியுதும்மா, கட்டின நூலும் நெளியுது,” என்றார் மேஸ்திரி.

“கோணலா தெரியுதுன்னு சொல்றீங்களே மேஸ்திரி, எந்தக் கண்ணுக்கு?”

“என்னம்மா கேள்வி இது? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

“வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பொத்தினார். கோடு நூல் பிடித்தாற்போல ஓடியது.

“இப்ப இடதை.”

நெளிந்தது. போதாததற்கு, பார்க்கிற இடத்திலேயே ஒரு மங்கல். ஈரப் பெயிண்டில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்த மாதிரி.

வீட்டுக்காரம்மா உடைந்த டைலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோவது, வயதானால் வருவது என்றார். வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும், ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மூடி மறைக்கும், ஒருநாள் உள்ளே திரவம் கசிய ஆரம்பித்தால் நேர்க்கோடு வளைந்துவிடும் என்றார். அப்போதே தேள் கொட்டினாற்போல ஓடிவந்தால் கண்ணில் ஊசி போட்டு, இருப்பதையாவது காப்பாற்றலாம். இன்றைக்கே போக வேண்டும்.

“சிகரெட் உண்டா?”

“ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்.”

“பிரஷர்?”

“மாத்திரை இருக்கு. போடறதில்ல.”

“குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி?”

“எங்க வம்சத்துல குருடன் எவனும் கிடையாது!”

நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த மைத்துனன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“குருடுன்னு யாரு சொன்னது? கவனிக்காம விட்டா நடுவுலதான் மறையும். ஓரமெல்லாம் தெரியும். தானா நடப்பாங்க, படியேறுவாங்க. எதிர்ல நிக்கிறவங்க முகம்தான் தெரியாது. அதனால தலையைத் திருப்பி உங்க காது பக்கமா பாப்பாங்க. அப்பதான் உங்க முகம் கொஞ்சமாவது தெரியும். நாம அதைத் திமிர்னு நினைச்சுக்குவோம்.”

மேஸ்திரி வாயைத் திறந்தார். திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. அவனுக்கும் இதே தொழில். ஐந்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஒட்டிய சமையலறைத் தரை கோணிப்போனது. அடுத்த வாரம் குளியலறை. தனக்கு நேராகத்தான் தெரிகிறது என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இருபது பேர் பார்க்க, “குடிச்சுட்டு வேலைக்கு வராதே” என்று மேஸ்திரி அவனை வெளியே அனுப்பினார். அண்ணன் ஒருநாளும் குடித்ததில்லை. அது மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் தட்டு பறக்கும். யாரும் எடுப்பதில்லை.

போன வருடம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மனைவி அழுது இழுத்துக்கொண்டு போனாள். மண்டப வாசலில் வரவேற்க நின்ற அண்ணன் கையை மட்டும் நீட்டினான். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இவர் காதுக்கு அப்பால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என் மூஞ்சியைப் பாக்கக்கூட உனக்குப் பிடிக்கலையா?” என்று சபை நடுவே கத்திவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் அண்ணன் ஒன்று சொன்னான். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வருடமாக நெஞ்சில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தார்.

“பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்.”